சராசரியில் அழிந்த சுழல்கள்

என் ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் கண்டுபிடிப்பை நானே அழித்தேன். பொறாமை என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது, வெறும் பிடிவாதம்.

அவளும் என்னைப் போல ஆரணிக்காரிதான், நெசவு வீட்டுப் பெண். நகரத்தில் என் ஆய்வுக்கூடத்தில், ஒளியும் பொருளும் கலந்த ஒரு திரவத்தை ஆராய்ந்தாள். மெல்லிய குறைக்கடத்தித் தகட்டில் லேசரைச் செலுத்தினால் அது உண்டாகும். மேலும் கீழும் போக இடமின்றித் தட்டையாக ஓடும். கலக்கினால் பொடிப்பொடியாகச் சுழல்கள் தோன்றும்.

எங்கள் ஊர் ஆற்றில் எப்போதாவது வரும் வெள்ளத்தில் பெரிய சுழல் உடைந்து சிறிதாகும். அவள் படங்களிலோ, ஒரே பக்கம் சுற்றும் சிறு சுழல்கள் கூட்டம் சேர்ந்திருந்தன. தட்டையான திரவத்தில் அப்படி நடக்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதில் ஒளி கசிந்துகொண்டே இருக்குமே, கூட்டம் சேர நேரம் ஏது என்று நினைத்தேன்.

"வெறும் இரைச்சல்மா அது. நூறு படத்தச் சேத்து சராசரி எடு."

"ஒவ்வொரு படத்துலயும் சுழல் வேற வேற எடத்துல இருக்குது சார். நூறு பொடவய ஒண்ணு மேல ஒண்ணு போட்டு வெளிச்சத்துல பாத்தா எந்த டிசைன் தெரியும்?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உறுத்தியது.

"சொன்னதச் செய். இல்லாட்டி ஆய்வேட்டுல என் கையெழுத்து இல்ல."

செய்தாள். மிஞ்சியது மங்கலான சாம்பல் நிறம் மட்டும். எழுத ஒன்றுமில்லாமல் ஆய்வைப் பாதியில் விட்டுப் போனாள். கணினியில் இடமில்லை என்று தனிப்படங்களை நான் அழித்தேன். சராசரியை மட்டும் வைத்துக்கொள்வது எங்கள் கூடத்து வழக்கம். நான் போட்ட வழக்கம்.

பிறகு அதே சுழல் கூட்டத்தை வெளிநாட்டில் வேறு சிலர் பார்த்து எழுதினார்கள்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின், செய்யாற்றில் ஒரு கம்பெனி வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அவளைத் தேடிப் போனேன்.

"தப்பு என் மேலதாம்மா. நீதான் மொதல்ல பாத்தேன்னு பல்கலைக்கழகத்துல சொல்றேன். ஆய்வ முடிச்சிடலாம்."

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை.

"நெசமாவா சார்? அப்ப அந்தத் தனிப்படம்லாம் பத்திரமா வெச்சிகினு இருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்புறம் எத வெச்சி சார் முடிக்கிறது?"

ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். அந்தச் சாம்பல் படத்தைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? மறுபடி நிறுத்தத்துக்குப் போய், அவர்கள் ஆதாரம் கேட்பதைச் சொன்னேன்.

"பேஜார் பண்ணாதீங்க சார். பஸ் வந்துகினு இருக்குது."

மறுவாரம் போனபோது அவள் அங்கே இல்லை. இப்போதெல்லாம் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறாளாம்.