கொளஞ்சியப்பன் சாருக்கு ஒரு மேசை

குன்னம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பொருளியல் நடத்திய கொளஞ்சியப்பன் சாருக்கு வாழ்க்கையில் எல்லாம் இருந்தது. அறிவியல் கண்காட்சியில் ஒரு மேசைதான் இல்லை. இயற்பியலுக்கு மேசை உண்டு. பாட்டிலில் பூரான் அடைத்து வைக்கும் விலங்கியலுக்கு இரண்டு மேசை. இவர் கேட்டால் மட்டும் இயற்பியல் ஆசிரியர் பிரான்சிஸ் சிரிப்பார்.

"கிரகணம் எப்ப வரும்னு நான் சொல்றேன், வருது. நீங்க ஒண்ணைச் சொல்லுங்க, நடக்கட்டும். அப்பறம் பொருளியல் அறிவியல்னு ஒத்துக்கறேன்."

"சொல்லிட்டாப் போச்சு" என்றார் இவர்.

2003 ஆடியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "போன வருசம் சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை. அதனால இந்த வருசம் எல்லாரும் அதையே நடப்போறீங்க. தையில விலை தரையில கெடக்கும்."

அவருக்கு மைக் தேவையில்லை. அந்தக் குரல் சிறுவாச்சூர் வரை போய், கோயிலில் மணி அடித்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

கேட்டவர்கள் அத்தனை பேரும் வெங்காயத்தை விட்டுவிட்டு மக்காச்சோளம் விதைத்தார்கள். தையில் வெங்காயம் கண்ணில் படவில்லை, விலை எகிறியது. அந்த மாதக் கல்யாணங்களில் சீர்த்தட்டில் பழத்துக்குப் பதிலாக வெங்காயம் வைத்தார்கள். நம்பினால் நம்புங்கள்.

கண்காட்சிக்கு முன் ஆசிரியர் அறையில் பிரான்சிஸ் சார் பிடித்துக்கொண்டார்.

"தரையிலயா சார் கெடக்கு? கூரை மேல ஏறி உக்காந்திருக்கு. இதுக்கு ஒரு மேசை வேறயா?"

"எல்லாரும் நட்டா விழும்னேன். யாரு நட்டா? நான் சொன்னதும் ஊரே சோளத்துக்குத் தாவிடுச்சு."

"அதத்தான் சொல்றேன், இது அறிவியலே இல்ல. உங்க பேச்சைக் கேட்டு நானும் ரெண்டு ஏக்கர் சோளம் போட்டுட்டு வயிறு எரிஞ்சு நிக்கறேன்!"

தலைமையாசிரியர் சிங்காரவேலு சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அறிவியல் இல்லாததை நம்பி ஏன் சார் வெதச்சீங்க?" என்றார் கொளஞ்சியப்பன். "நீங்க கிரகணம்னா சந்திரனுக்குக் கேக்காது, அது பாட்டுக்கு வந்துட்டுப் போவும். நான் யாரைப் பத்திச் சொல்றேனோ அவங்களுக்கே கேக்குது. உங்களுது சுலபமான அறிவியல் சார். என்னுது கஷ்டமானது."

தலைமையாசிரியர் திரும்பினார். "அப்ப அவங்க காதையும் சேத்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நடந்துச்சுன்னா மேசை உங்களுக்கு."

அடுத்த ஆடிக் கூட்டத்துக்குத் திருவிழாக் கூட்டம்.

"போன தடவை என்னை நம்பி ஏமாந்தவங்க வீம்புக்கு வெங்காயம் நடுவீங்க. எல்லாரும் நட்டுடுவாங்கன்னு பயப்படறவங்க சோளம் போடுவீங்க. பாதிக்குப் பாதி. அதனால வெங்காயம் ஏறவும் ஏறாது, விழவும் விழாது."

"அதுல நான் எந்தப் பாதிங்க சார்?" என்று கேட்டார் பின்வரிசையில் இருந்த விவசாயி வீரமுத்து.

"அது தெரியாது வீரமுத்து. தனி ஆளை எனக்குத் தெரியாது. ஊரைத் தெரியும்."

தையில் வெங்காயம் சாதாரண விலைக்குப் போனது. பேரம் பேச ஒன்றுமில்லாமல் தரகர்கள் தராசுத் தட்டிலேயே சுருண்டு படுத்துத் தூங்கினார்கள்.

கண்காட்சியன்று இயற்பியலுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். அதில் என்ன வைப்பதென்று கொளஞ்சியப்பன் சார் யோசித்துக்கொண்டிருந்தபோது பிரான்சிஸ் சார் ஒரு துணிப்பையோடு வந்தார். ஒரு கொத்து வெங்காயத்தையும் ஒரு சோளக்கதிரையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டும் என் வயல்ல வெளஞ்சதுதான். எதுக்கு வம்புன்னு நடுவுல ஒரு வரப்பு போட்டுட்டேன்."

கொளஞ்சியப்பன் சார் இரண்டையும் நேராக்கி வைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் போய் நிமிர்ந்து நின்றார்.