ஆமென் சொல்லும் முன்னே

எங்கள் சபையில் நீளமாக ஜெபம் பண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தகரக் கூரை போட்ட சின்னச் சபை அது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கணக்கில் நான்தான் அங்கே ஜெப வீராங்கனை. யார் வீட்டில் கூட்டம் நடந்தாலும் முடிவு ஜெபத்துக்கு என்னைத்தான் எழுப்புவார்கள். நான் உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பிப்பேன். இஸ்ரவேலரைக் கடல் கடக்க வைத்து, தோட்டத்துத் துரையையும் கணக்கப்பிள்ளையையும் ஆசீர்வதித்து, அந்த வீட்டுக்காரரின் மூட்டு வலிக்கு வந்து சேரும்போது ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறிப் போயிருக்கும். என் வீட்டுக்காரர் முழங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி பெருமூச்சு விடுவார். ஃபேக்டரியில் நின்றே வேலை செய்கிற மனிதர், முழங்காலில் நிற்பதுதான் அவருக்குக் கஷ்டம்.

ஞாயிறு பள்ளிக்கும் நானே டீச்சர். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பணிஸ், அதாவது இனிப்பு பன், கொடுப்போம். அதற்கு முன்னால் சொல்ல ஒரு குட்டி ஜெபம் பழக்கியிருந்தேன். “அப்பா, இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம். சமைச்ச கைய ஆசீர்வதிங்க. இல்லாதவங்களுக்கும் குடுங்க. ஆமென்.” இவ்வளவுதான். இந்தச் சின்ன ஜெபத்துக்குக்கூட அந்தக் குட்டிகளுக்குப் பொறுமை இருக்காது. கண்ணை மூடிக்கொண்டே கடித்துவிடுவார்கள். “ஆமென் சொல்லாம கடிச்சா அது திருட்டுத் தீனி!” என்று அதட்டுவேன். ஒரு ஞாயிறு பாக்கியில்லாமல் அதட்டியிருக்கிறேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் பிள்ளை தங்கியது. அதற்காகச் சபையே உபவாசம் இருந்து அழுதிருக்கிறது. ஆகவே என் வயிறு என்னுடைய வயிறாக இல்லை, சபையின் பொதுச் சொத்தாகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்!

மாதம் நெருங்கியபோது கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “புள்ள இன்னும் திரும்பல. தல மேலதான் இருக்கு. பாப்போம், நாள் இருக்கு” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ, இத்தனை வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை, கடைசியில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே காட்ட முடியுமா? ஊருக்கெல்லாம் விசுவாசம் ஊட்டுகிறவளாயிற்றே நான்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எனக்காகப் பிரார்த்தித்தார்கள். பிள்ளைத்தாச்சி என்று எனக்கு மட்டும் உபவாசத்தில் விலக்கு. அந்த விலக்கை நான் கொஞ்சமும் வீணாக்கவில்லை. பூண்டுலோயாவிலிருந்து நாத்தனார் கொடுத்தனுப்பிய பலாக்கொட்டையில் குழம்பு வைத்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். ஜெபம் உச்சத்தில் இருந்தபோது என் வயிற்றுக்குள் ஏதோ கடமுடவென்று உருண்டது. எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை திரும்பிவிட்டது!

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வருமுன்பே வந்துவிட்டதாக எழுந்து சாட்சி சொல்வது. விசுவாசத்தில் சொல்வது என்பார்கள். பயந்த மனதுக்கு அது நல்ல மருந்துதான், அளவோடு குடித்தால். நான் புட்டியோடு கவிழ்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் முதல் ஆளாக எழுந்து, ஆண்டவர் என் பிள்ளையைத் திருப்பிவிட்டார், அவருடைய கை உள்ளே அசைந்ததை உணர்ந்தேன் என்று கண்ணீரோடு சொன்னேன். தகரக் கூரையில் விழுந்த மழையையும் தாண்டிக் கைதட்டல் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து ஜெபக் கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். அங்கே போய், சும்மா அசைந்த கை இப்போது பிள்ளையைத் தூக்கிச் சுற்றி வைத்ததாகவே சொன்னேன்.

அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் அதே இடத்தில் கையை வைத்தார்.

“தல இங்கதானே இருக்கு.”

“நல்லாப் பாருங்க மிஸ். அது திரும்பிருச்சு.”

“யாரு சொன்னா?”

சபையே சொல்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்கேனில் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். என் பிள்ளை தலையை நிமிர்த்திக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்ததாம். வலி வருவதற்கு முன்னால் டவுன் ஆஸ்பத்திரியில் வந்து படுக்க வேண்டும், ஒப்பரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், தோட்டத்தில் வைத்து வலி எடுத்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் தெளிவாகச் சொல்லி, வரவேண்டிய நாளையும் குறித்துக் கொடுத்தார்.

பலாக்கொட்டை என்னை இப்படிக் கவிழ்க்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொல்லி வைத்தது. சபையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறுதோறும் பெண்கள் வயிற்றைத் தொட்டு, “திரும்புன புள்ள, திரும்புன புள்ள” என்று கொஞ்சினார்கள். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு சிரித்தேன். பூசணிக்காயோ நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஆண்டவரிடம் கெஞ்சினேன். பிள்ளை சுகமாக வரவேண்டும் என்று மட்டும் கெஞ்சியிருக்கலாம். அதைவிட அதிகமாக, எப்படியாவது திருப்பிவிடும், என் சாட்சியைப் பொய்யாக்கிவிடாதேயும் என்றுதான் கெஞ்சினேன். அவருடைய நற்பெயருக்காகக் கேட்கிறேன் என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. நான் பையைக்கூடக் கட்டவில்லை. இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு காத்திருப்போம் என்றேன். அதிர்ந்து பேசாத என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

“ஆண்டவருக்கு வெக்கமாப் போயிரும்னு பாக்குறியா, இல்ல ஒனக்கு வெக்கமாப் போயிரும்னு பாக்குறியா?”

எனக்கு அழுகை வந்தது. “பயமா இருக்குங்க” என்றேன். பல வாரமாக உள்ளே உட்கார்ந்திருந்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். “எனக்குந்தான்” என்றார். பிறகு எழுந்து அவரே பையைக் கட்டினார். பிள்ளைத் துணியைவிட அதிகமாக பிஸ்கட்டை வைத்தார்.

அதோடு விடாமல் பாஸ்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாட்சி கெட்டவள், சபையை ஏமாற்றியவள், இன்னும் என்னென்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

பாஸ்டரம்மா என் பையை வாங்கிக்கொண்டார். “எனக்கு ரெண்டும் வெட்டித்தான் எடுத்தாங்க” என்றார்.

“நீங்க சொன்னதே இல்லியேக்கா!”

“எங்க சொல்ல? சாட்சி நேரம் பூரா நீயே எடுத்துக்கிட்டா?”

ஆட்டோ டவுனை நோக்கி வளைந்து வளைந்து போனது. அழுதுகொண்டிருந்த நான் நடுவில் சிரித்தும்விட்டேன். சிரித்தால் வயிறு குலுங்குகிறது என்று அதற்கும் பாஸ்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

ஒப்பரேஷனுக்காக ஒரு ஜெபத்தை நான் வாரக்கணக்கில் தயாரித்து வைத்திருந்தேன். வேதத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதில் வருவார்கள். சாராளில் தொடங்கி, மாட்டுத் தொழுவத்துக்கு வந்து, பிறகு என்னிடம் வந்து சேரும். டாக்டர்மார் கேட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிடுவார்கள் என்றுகூட நினைத்திருந்தேன்.

தியேட்டருக்குள் பட்டிப்பொல ஸ்டேஷனில் மார்கழிக் காலையில் நிற்கிற குளிர். என்னை உட்கார வைத்து, முதுகைக் குனியச் சொன்னார்கள். முதுகில் ஊசி போடும்போது அசையக் கூடாதாம். எனக்கோ உடம்பு பூராவும் உதறிற்று. ஒரு சிங்கள நர்ஸ் மிஸ்ஸி என் முன்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். சாராள் வரவில்லை. ராகேல் வரவில்லை. இத்தனை வருஷம் கூட்டம் கூட்டமாக ஜெபித்த வாய் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. என் பிள்ளை செத்துவிடக் கூடாது, நானும் செத்துவிடக் கூடாது என்பதைத் தவிர மனதில் ஒன்றுமில்லை. அதைச் சொல்லவும் வார்த்தை கிடைக்கவில்லை. எங்கிருந்தோ ஒன்று தானாக வந்தது.

“அப்பா, இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்.”

மிஸ்ஸி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “சாப்பாடு இப்ப ஏலாது, நங்கி” என்றார் தமிழில், ‘தங்கச்சி’யை மட்டும் சிங்களத்தில் வைத்து, மிகவும் பரிதாபமாக. “பொறகு குடுக்கிறது.”

எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அவருடைய பச்சைச் சட்டையில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம், இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம். ஊசி போட்டது தெரியவில்லை. உதறல் நின்றிருந்தது. நான் எதையும் திருப்பவில்லை, யாருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை. பசித்த பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான். என் ஆயுசில் ஆண்டவரை நிஜமாக நம்பியது அந்தக் கொஞ்ச நேரந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பச்சைத் துணி மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. நிமிர்த்தி வைத்திருந்த தலையில் கறுகறுவென்று முடி. மிஸ்ஸி அவளை என் கன்னத்தோடு வைத்தபோது எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வாயாடி ஒருத்தி வாயடைத்துக் கிடந்ததை அங்கே யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லையே.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு பிள்ளையைப் பாலுக்குப் போட்டார்கள். அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை, எனக்கும் கொடுக்கத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பி வீறிட்டாள். திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல் இப்போது திரும்புகிறாயே என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் நெருக்கி அணைத்தேன். அந்தக் குட்டி ஜெபம் திரும்பவும் வாய்க்கு வந்தது. இந்த முறை அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.

“அப்பா, இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்” என்றேன். “சமைச்ச கைய...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். இதைச் சமைத்தது நான் இல்லை. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும், அதை ஆசீர்வதிக்க நான் யார்? அந்த வரியை விட்டுவிட்டு, “இல்லாதவங்களுக்கும் குடுங்க” என்றேன். என்னைப் போலக் காத்திருக்கிற பெண்களை நினைத்துக்கொண்டேன்.

ஆமென் சொல்லக் குனிந்தால், மார்பில் சுருக்கென்று இழுத்தது. என் மகள் அதற்குள் குடிக்க ஆரம்பித்திருந்தாள். நான் அதட்டவில்லை.