குமுதினி கீறிய ஃபின் தோட்டம்

குமுதினியும் பெஹ்ரூஸும் முப்பது வருடம் பிரெஞ்சில்தான் குடும்பம் நடத்தினார்கள். பாரிஸில் அகதிகளுக்கான மொழி வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி, அவர் ஈரானில் காஷான். கல்யாணத்தோடு அவளுடைய அண்ணன் செபஸ்தியாம்பிள்ளை பேச்சை நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. லண்டன் பிளேஸ்டோவுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் வீட்டுக்குள் அந்த அரைகுறைப் பிரெஞ்சுதான். அவள் தமிழைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பாரசீகத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு அவசியம் வரும் என்று இருவருமே நினைக்கவில்லை.

போன மார்ச்சில் ஒரு காலை, தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் நீளமாக ஏதோ பதில் சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெயர்கள் போயிருந்தன, தேதிகள் போயிருந்தன. இப்போது பிரெஞ்சும் போய்விட்டது. பிந்திப் படித்த மொழி முந்திப் போகும், சிறு வயதில் பேசியது கடைசிவரை நிற்கும் என்று கிளினிக் தாதி சொன்னாள்.

ஈஸ்ட் ஹாமில் சேலைக் கடையொன்றின் பின்னறையில் குமுதினி பிளவுஸ் தைத்தாள். கூடத் தைக்கும் ரஜனியிடம் அழுதாள்.

"அவர் கதைக்கிறார் ரஜனி, நல்லாத்தான் கதைக்கிறார். எனக்குத்தான் விளங்கேல்லை."

"ஒரு சொல்லும் தெரியாதே அக்கா?"

"நாலைஞ்சு தெரியும். எல்லாம் அந்தத் தோட்டத்துச் சொல்லு."

பெஹ்ரூஸ் ஊரைப் பற்றி வாய்திறந்தது அந்த ஒரே இடத்துக்காகத்தான். காஷானுக்குப் பக்கத்தில் ஃபின் என்ற அரச தோட்டம். நானூறு வருடத்துக்கு முன் ஷா ஒருவர் கட்டியது. போருக்குத் தப்பி வெளியேறும்வரை ஐந்து வருடம் அவர் அங்கே தண்ணீர் பார்க்கும் வேலை செய்தார். வாய்க்காலில் விழும் இலை அள்ளுவார், அடைத்த ஊற்றுக்குழாயைக் குத்திவிடுவார். மோட்டார் கிடையாது. மலையடிச் சுனை மேலே, தோட்டம் சரிவில் கீழே. அந்த உயரமே தண்ணீரைத் தள்ளும். புதைத்த மண்குழாய் போகப்போக ஒடுங்கிவரும், அதனால் கடைசி ஊற்றும் முதல் ஊற்றின் அளவுக்கு எழும்பும் என்பார். ஒரு ஷா தன் முதன்மந்திரியை அந்தத் தோட்டத்துக் குளியலறையில் வைத்துக் கொல்வித்த கதையும் சொல்லுவார். மந்திரியின் மனைவி அவரைவிட்டு ஒரு நிமிஷமும் நகராமல், அவர் சாப்பாட்டைத் தானே முதலில் தின்று பார்த்துக் காவலிருந்தாளாம். குளிக்கப் போன நேரத்தில் முடித்துவிட்டார்களாம்.

குமுதினி பிளவுஸ் வெட்டும் பழுப்புத் தாள்களை ஒட்டி மேசையில் விரித்தாள். தையல் சோக்கால் நாலு மதில், மூலைக்கொரு கோபுரம், நடுவில் நீள வாய்க்கால் கீறினாள். பெஹ்ரூஸ் எட்டிப் பார்த்தார்.

"ஆப்," என்று வாய்க்காலைத் தொட்டாள். தண்ணீர்.

அவர் முகம் தெளிந்தது. சோக்கை வாங்கி, நடு மண்டபத்துக்குள் ஒரு சதுரக் குளம் போட்டார். இரண்டு பக்கமும் கோடு கோடாக இழுத்தார். "சர்வ், சர்வ்," என்றார். சைப்பிரஸ் மரங்கள். சுனையை அவள் பிழையான பக்கத்தில் வைத்திருந்தாள். கையால் அழித்து மேலே வைத்தார்.

மே, ஜூன் இரண்டு மாதமும் அந்தத் தாளில்தான் கழிந்தன. வேலையால் வந்தவுடன் விரிப்பாள். அவர் விரலால் சுனையிலிருந்து தொடங்கிக் கடைசிக் குளம்வரை நடப்பார், ஏதேதோ சொல்லிக்கொண்டு. அவளுக்கு அது போதவில்லை. என்ன சொல்கிறார் என்று அறிய வேண்டும்போல் இருந்தது. தெருமுனைக் கடையில் நிற்கும் ஈரானியப் பெண் மினாவைக் கூட்டிவந்தாள்.

மினா பத்து நிமிஷம் அவரோடு பேசினாள். பிறகு குமுதினியைப் பார்க்காமல் இருந்தாள்.

"சொல்லுங்கோ," என்று ஆங்கிலத்துக்கிடையில் தமிழிலேயே கேட்டுவிட்டாள் குமுதினி.

"உங்களைத் தோட்டம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரி என்று நினைக்கிறார்," என்றாள் மினா. "தினமும் வருகிறாளாம். நல்ல மனுஷியாம். சுனை வற்றிப்போச்சாம், வெகுதூரத்திலிருந்து வருகிறவள், அவளிடம் சொல்லாதே என்கிறார்."

குமுதினி தலையாட்டினாள். மினாவுக்குத் தேநீர் போட்டாள். அவள் குடிக்காமல் போனாள்.

அடுத்த நாளும் தாளை விரித்தாள். கோடுகளை விளங்கிக்கொள்வது அவருக்குக் கஷ்டமாகிவந்தது. ஓகஸ்டில் சோக்கை வாயில் வைத்தார். செப்டம்பரில் சமையலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. அவளால் தூக்க ஏலாது என்று கவுன்சில் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பியது. செவ்வாயும் ஞாயிறும் போனாள். நவம்பரில் பாரசீகமும் நின்றுவிட்டது.

இனி எந்த மொழி என்றாலும் ஒன்றுதானே என்று ஒரு ஞாயிறு தமிழில் தொடங்கினாள். "இஞ்ச பாருங்கோ, நான் குமுதினி. நீங்கள் கட்டினவள். நான் தோட்டம் பாக்க வந்தவள் இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். கார் நிறுத்துமிடம் தெரிந்தது. மூன்று வாரம் தமிழில் பேசிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டாள். இப்போதும் போகிறாள், குளிர்க் கோட்டைக் கழற்றாமல் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு எழும்புகிறாள்.