எல்லார் போனிலும் என் ஐடி

செல்போன் கடைக்காரன் போனை விற்றால் மட்டும் போதாது, அதை ஓடவும் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என்னைப்போல் கடை போட்டுத் தவிக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

மலையெல்லாம் புள்ளி

ஆலங்காயத்தில் என் கடைக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, போனை ஓட வைக்கத் தேவையான மெயில் ஐடி கிடையாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிற்பார்கள். ஆளுக்கொன்று உருவாக்க எனக்கும் பொறுமை கிடையாது. என் ஐடியையே எல்லார் போனிலும் போட்டுக் கொடுத்தேன். அதைச் சேவை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஒரு விவசாயி போனைத் தொலைத்துவிட்டு வந்தார். என் போனில் வரைபடத்தைத் திறந்தால், நான் விற்ற போன்கள் மலை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தன. அவருடையது வாணியம்பாடி பஸ் நிலையத்தில் இருந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "அப்ப நாங்க எங்க போனாலும் உனுக்குத் தெரியும்னு சொல்லு."

மச்சான் கல்யாணம்

தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். என் போனில் எடுத்த படமெல்லாம் அவர் போனுக்கும் போய்க்கொண்டிருந்ததாம். "உங்க மச்சான் கல்யாணத்துல நீங்க ஆடனத எங்க வூட்ல எல்லாரும் பாத்துட்டாங்க. இத நிறுத்த வழி கீதுங்களா?"

தொலையாத போன்

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னிடம் போன் வாங்கிய ஒருவன் அது காணாமல் போய்விட்டது என்றான். புள்ளி ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நின்றது. தெரு முதற்கொண்டு காட்டினேன். வண்டியை எடுத்துப் பறந்தான்.

உரியவர் வருகிறார் என்று சொல்லலாமே என அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்தது அவன் மனைவி. அடி தாங்காமல் குழந்தையோடு அக்கா வீட்டில் ஒளிந்திருந்தாள். அவன் வந்துகொண்டிருக்கிறான், உடனே கிளம்புங்கள் என்றேன். மலைப்பாதை வளைவுகள் அவனைத் தாமதப்படுத்த, அவள் போனை அணைத்துவிட்டு வேறு வழியாக இறங்கும் பஸ்ஸைப் பிடித்தாள். அவன் வெறுங்கையோடு திரும்பினான்.

ஒரு வாரம் கழித்து அவள் வந்து போனை மேஜைமேல் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க போன் பண்ணதாலதான் தப்பிச்சேங்கண்ணா. ஆனா காட்டிக் குடுத்ததும் நீங்கதான். மொதல்ல உங்க பேர இதுலேர்ந்து எடுங்க."

இப்போது வாங்கியவர்களை ஒவ்வொருவராக வரவழைத்து என் பேரை அழித்துக்கொண்டிருக்கிறேன். ஊர் வீட்டுச் சாவியையெல்லாம் ஒரே ஆணியில் மாட்டி, அந்த ஆணியைத் தெருவில் அடித்து வைத்த காவல்காரன் நான்.