தயிர் வடித்த வேட்டி

என் வீட்டுக்காரருக்கு ஆண்டவன் ஆபீஸ் வேலைக்குக் கையைக் கொடுத்தான். எனக்கு வேலை வைப்பதற்கு அவருக்கு வாயையும் கொடுத்தான். இரண்டில் வாய்தான் ஓயாமல் உழைத்தது. சேலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் அவர் குமாஸ்தா. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கப்பலில் வர வேண்டிய சீமைச் சாமான்கள் வராமல் துரைசானி வாடிப்போயிருந்தாள். நாங்கள் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வாடினோம், அவள் டின்னில் வரும் சீஸுக்கு வாடினாள். அவரவர் கஷ்டம் அவரவருக்கு.

ஒரு சாயங்காலம், கோட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஏ புள்ள, துரைசானியம்மா ஏதோ பொஸ்தகத்துல கேக்குப் படம் பாத்துப்போட்டாங்க. மேல வெள்ளவெளேர்னு சீஸ் பூச்சு. பட்லருக்குக் கேக்கு சுட வருது, பூச்சு வரல. என்ற ஊட்டுக்காரி பண்ணிப்போடுவான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நான் எப்பங்க அதையெல்லாம் பண்ணுனேன்?"

"பாலு, வெண்ணெய், சர்க்கரை. இதுல என்ன கம்பசூத்திரம்? ஆனா சுத்தமாப் பண்ணோணும். அந்தம்மா வாழப்பழத்தையே தோலோட மருந்துத் தண்ணியில கழுவித்தான் உரிக்கும். அது என்ன சுத்தம்!"

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது அவருக்குப் பழக்கம். ஆனால் இந்த ஓணான் என்னைக் கடிக்க வந்தது. துரைக்கு மாற்றல் ஆகியிருந்தது, மலையடிவாரத்துக் காய்ச்சல் ஊர் ஒன்றுக்கு. தன்னோடு ஒரு குமாஸ்தாவை அழைத்துப் போகலாம். போகிறவனுக்குத் தலைமைக் குமாஸ்தா பட்டம். துரையைப் பிடிக்கத் துரைசானியைப் பிடிக்க வேண்டும், துரைசானியைப் பிடிக்கக் கேக்கு வேண்டும். பட்டம் அவருக்கு, பாடு எனக்கு.

அந்த ஊரை நான் அறிவேன். முன்பு இதே உத்தியோகத்துக்காக அங்கே குடியிருந்தோம். என் முதல் பெண்ணை, பல் முளைக்கும் முன்பே, அந்த ஊர்க் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சேலம் வந்து சேர்ந்தேன். இப்போது மறுபடி நாலு மாசம். வயிற்றுப் பிள்ளையோடு அங்கே வரமாட்டேன் என்று அழுதும் சொன்னேன், சண்டை போட்டும் சொன்னேன். "எல்லா ஊர்லயும்தான் கொசு இருக்குது" என்றார். தலைமைக் குமாஸ்தா வீட்டைக் கொசு மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாரோ என்னமோ!

ஆக, என்னை நாடு கடத்துவதற்கான பலகாரத்தை நானே செய்ய வேண்டும். செய்முறையை அவர் எழுதி வந்து வாசித்தார். முதலில் பாலைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து திரிய வைக்க வேண்டுமாம். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் வேண்டுமென்றே பாலைத் திரிய விடுவார்களா? சீமையில் விடுவார்கள் போலிருக்கிறது. அதெல்லாம் நடக்காது என்று எருமைத் தயிரை எடுத்துக்கொண்டேன். அடுத்தது, மஸ்லின் துணியில் வடிகட்ட வேண்டுமாம். சேலத்தில் இருந்துகொண்டு துணிக்கு அலைவதா? பெட்டியில் அவருடைய புது வேட்டி இருந்தது. நைஸ் நூல், பட்டுக்கரை, தீபாவளிக்கு ஒருநாள் கட்டி, ஊரெல்லாம் காட்டி, மடித்து வைத்தது. கஞ்சி போக மூன்று தண்ணீரில் அலசினேன். பழந்துணி இல்லையா என்று கேட்காதீர்கள். கோபம் வந்தால் என் கை நல்ல துணிக்குத்தான் போகும்.

வேட்டியின் நடுவில் தயிரை ஊற்றி, முனைகளைச் சேர்த்து முடிந்தேன். தொங்கவிட ஒரே இடம்தான் இருந்தது. நடு அறை விட்டத்தில், எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் தூளி கட்ட அடித்த கொக்கி. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. மூட்டையைக் கட்டி, கீழே குண்டாவை வைத்தேன். தயிர்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

மறுநாள் பங்களாவிலிருந்து சர்க்கரை வந்தது, எங்கள் கண்ணில் படாத வெள்ளைச் சர்க்கரை. உரலில் இடித்து, துணியில் சலித்து, வெண்ணெயில் குழைத்து, வடித்த தயிரில் ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். சர்க்கரை பட்டதுதான் தாமதம், தயிர் இளகி மோராக ஓடப் பார்த்தது. ஈரம் போதவில்லை என்று யாராவது அழுதார்களா? அந்தக் கரண்டியளவை வழித்து நாக்கில் விட்டுக்கொண்டு, மீதித் தயிரை இறுக்கிப் பிழிந்து மறுபடி கொக்கியில் ஏற்றினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா உறைமோர் கேட்டு வந்தாள். ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த தறிக்காரக் குடும்பம். பேச ஆரம்பித்தால் தறிச் சத்தத்தையே அடக்குகிற குரல். வாசற்படி தாண்டியவள் விட்டத்தைப் பார்த்தாள். சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் அம்மிணி, யாரு கொழந்த? தூங்குதா?"

"கொழந்தை இல்லீங்க்கா. தயிரு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"தூளிக் கொக்கியில தயிரையா கட்டுவாங்க? எறக்கு சாமி, மொதல்ல எறக்கு. அங்க ஒரு உசுரு வரோணும்."

அவள் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதேன். மூட்டையை இறக்கி அடுப்படி உறியில் மாட்டிவிட்டு, என்ன ஆனாலும் அந்த ஊருக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

வழி சுலபம்தான். பூச்சில் ஒரு கை உப்பு போட்டால் போதும். மறுநாள் காலை, தயிர் கெட்டியாகி, வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து பட்டுப்போலத் திரண்டு நின்றபோது உப்பு மரவையில் கையை விட்டேன். எடுக்க வரவில்லை! நான் செய்த பண்டத்தை ஒருத்தி முகத்தைச் சுளித்துத் துப்புவதா? தலைமைக் குமாஸ்தா பெண்டாட்டி என்ற பெயர் வேண்டாம். கைமணம் கெட்டவள் என்ற பெயரும் வேண்டாம். உப்பை மூடி வைத்தேன். வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டபோது பங்குனி வெயிலில் அது பளபளவென்று காய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு வழி கிடைத்தது.

"ஏனுங்க, பங்களாவுக்கு இந்தப் பட்டுக்கரை வேட்டியவே கட்டிக்கிட்டு வாங்க. லட்சணமா இருக்கும். இதுலதான் தயிர வடிச்சோம்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. கேக்காட்டியும் சொல்லுங்க. நம்ம சேலத்து வேட்டியோட பெருமை வெள்ளக்காரங்களுக்கும் தெரியட்டும்."

"அதச் சொல்லாம உடுவனா!" என்றார். விடமாட்டார் என்று எனக்குத் தெரியாதா?

பங்களாவின் பின்பக்கத் தாழ்வாரத்தில் பட்லர் கேக்கை வைத்தான். ஈர மணலில் புதைத்துக் கொண்டுபோன சட்டியிலிருந்து எடுத்து நான் பூசினேன். படத்தில் இருந்ததைவிட அழகாக வந்தது, சொன்னால் தற்பெருமை. துரைசானி ஒரு துண்டு தின்று கண்ணை மூடினாள். இன்னொரு துண்டு கேட்டாள். என் வீட்டுக்காரரிடம் என்னமோ சொன்னாள், அவர் முகம் மலர்ந்துபோயிற்று. மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

நல்லவேளை, அவர் வாய் சும்மா இருக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் கேக்கைக் காட்டினார், இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டுக் காட்டினார், சொட்டுவதைக் காட்டினார், கடைசியில் குனிந்து இடுப்பிலிருந்த வேட்டியையே பெருமையாக விரித்துக் காட்டினார். அது எந்தப் பாஷைக்காரிக்கும் புரியும். துரைசானியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. வேட்டியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடி வேட்டியைப் பார்த்தாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கொப்பளிக்கிற சத்தம் தாழ்வாரம் வரைக்கும் கேட்டது.

துரையோடு வேறொரு குமாஸ்தா போனார். அவருக்குப் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்களாகித் தனிக் குடித்தனம் போயிருந்தார்கள். "ரெண்டாந்துண்டு வாங்கித் தின்னாளே புள்ள, என்ன கொறையக் கண்டாளோ!" என்று எங்கள் வீட்டு மனிதர் மாசக்கணக்கில் புலம்பினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்குத் தன் வாயால்தான் கெட்டோம் என்பதுகூடத் தெரியவில்லை, பாவம். நானும் சொல்லவில்லை.

ஆவணியில் பெண் பிறந்தாள். தூளிக்கு மெத்தென்று துணி வேண்டுமென்று அந்த வேட்டியையே எடுத்து, அதே கொக்கியில் நானே கட்டினேன். ஒருநாள் காலை அவர் அதன் கீழே உட்கார்ந்து ஆபீஸ் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டென்று தலையில் விழுந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"மறுபடியும் தயிரா கட்டியிருக்கற?"

"இல்லீங்க, உங்க மவ" என்றேன்.