பதின்மூன்றாவது ஆள்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். எந்த நிறுத்தத்திலும் ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் நாலு பேர் நிக்கலாம்" என்று தூக்கத்தில் என்னையே சுவரோரம் தள்ளுவார். நிரம்பி வழிந்த பஸ்ஸுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய என்னையும் ஒரு நாள் அப்படித்தான் விசில் ஊதி நிறுத்தி ஏற்றினார். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

அவர் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் சதுப்பு நிலம். பத்து நிமிஷ இடைவேளைகளிலேயே அந்தப் பறவைகளின்மேல் பைத்தியமாகிவிட்டார். ஓய்வு பெற்றதும், அங்கே வழிகாட்டியாகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் அங்கேதான் டிக்கெட் கவுன்டரில் இருக்கிறேன். படித்தார், அப்படிப் படித்தார்! எண்பது பறவைகளும் பஸ் நிறுத்தங்கள்போல மளமளவென்று வாயில் வரும். ஆனால் அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. மரநடைபாதையில் ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர்தான். கூடினால் பலகை அதிரும், அடைகாக்கும் பறவைகள் எழுந்துவிடும், முட்டைகள் வெயிலில் கெட்டுப்போகும்.

அதிகாரி முன்னால் ஒரு நடை நடத்திக் காட்டுவதுதான் வழிகாட்டி வேலைக்குத் தேர்வு. முதல் தேர்வில் பதினான்கு பேரை அழைத்துப் போனார். இரண்டாவதில் பதினாறு! "பாவம், தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று அதிகாரியிடமே சொல்லியிருக்கிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் பறவைகள் மொத்தமும் மேலே. அன்று அவர் சாப்பிடவில்லை. "தாயை விரட்டிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவுன்டரைத் தோழியின் தலையில் கட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நடைபாதை வாசலில் அதிகாரியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். இவர் அவர்களுக்குப் பின்னால் வாசலை மறித்துக் கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்க, இருங்க! நானும் வரேன்!"

நிமிர்ந்து பார்த்தார். முகம் அப்படியே இளகியது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது, நான் பதின்மூன்றாவது ஆள்! வேண்டாம் என்று சொல்லலாமென்றால் மூச்சு வாங்குகிறது. போச்சு, ஏற்றிக்கொள்ளப் போகிறார் மனுஷன்.

"ஃபுல் ஆயிடுச்சும்மா," என்றார். "அடுத்த நடையில வாங்க."

அம்மாவாம்! வாங்கவாம்! இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வேறு. அவர்கள் பூனைநடை நடந்து போனார்கள். ஒரு பறவைகூட எழவில்லை.

திரும்பி வந்ததும் அதிகாரி இவர் சட்டையில் வழிகாட்டி பேட்ஜைக் குத்தினார். இவர் நேராக என்னிடம்தான் வந்தார்.

"கோவமா?"

"வாழ்க்கையில முதல்முறையா ஒரு ஆளை விட்டுட்டுப் போனீங்க. அதுவும் பொண்டாட்டியை!"

கண் கலங்கியிருந்தது. கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு என் காதோரம் குனிந்தார்.

"உள்ள போ, உள்ள போ," என்று கிசுகிசுத்தார். "இன்னும் பதினோரு பேர் வரலாம்."