பன்னிரண்டு கட்டங்கள்

கிசுமு நகரத்தில் ஒலுவோச்சின் கணினி அலுவலகத்தில் அக்கெயோவின் வேலை காதால் கேட்பது. ஒரு படிவத்தைக் கணினி வாசித்துக் காட்டும்; பார்வையில்லாதவர்களால் அதை நிரப்ப முடியுமா என்று அவள் சொல்ல வேண்டும். ஏழு வயதில் அம்மை வந்து அவளுக்குப் பார்வை போனது. பார்வையில்லாததற்குச் சம்பளம் வர நாற்பத்தொரு வயதானது.

அவளுக்காகப் படிவம் நிரப்பியவர்கள் பலர். பள்ளியில் குமாஸ்தா, வங்கியில் கவுண்டர்க்காரி, மற்றதற்கெல்லாம் அண்ணன். அவளுடைய வருமானமும் வியாதியும் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தெரியும். பாதிக் கேள்விகளை அவளிடம் கேட்காமலே எழுதிவிடுவார்கள். அவளுக்கு அது பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு படிவத்தையாவது தானே நிரப்ப வேண்டும், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல்.

மாவட்ட உதவித்தொகைப் படிவம் சோதனைக்கு வந்தது. அவளே விண்ணப்பிக்க வேண்டிய உதவித்தொகை. கணினி வாசித்தது: "இங்கே நிரப்பவும்." அடுத்த கட்டத்துக்குப் போனாள். "இங்கே நிரப்பவும்." பன்னிரண்டு கட்டங்களும் அதையே சொல்லின. எது பெயர், எது பிறந்த தேதி என்று ஒன்றும் விளங்கவில்லை.

"தானியங்கிச் சோதனையில நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு," என்றார் ஒலுவோச். "எல்லாக் கட்டத்துக்கும் பேர் வெச்சாச்சே!"

"வெச்சாச்சு பாஸ். பன்னெண்டு பிள்ளைக்கும் ஒரே பேரு வெச்சா யாரைக் கூப்பிடுவீங்க?"

"கையெழுத்தப் போடு தாயே. நாளைக்கு மாவட்டத்துலேர்ந்து நசிமியு மேடம் வர்றாங்க."

மாற்றுத்திறனாளி ஒருவர் சோதித்துச் சரி என்றார் என்பது அவர் நீட்டிய காகிதத்தின் வாசகம். அவள் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய வேலை ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று அவர் நினைவூட்டினார். நினைவிருக்கிறது என்றாள்.

ஒலுவோச் லேசுப்பட்டவர் அல்ல. வாசல் காவலாளி ஒட்டியாட்டோவுக்கு ஒரு கால் ஊனம். அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வந்த மாவட்ட அதிகாரி நசிமியு, கையெழுத்துப் போட்டவரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"நல்லா சோதிச்சீங்களா பெரியவரே?"

"சோதிச்சேன் மேடம். எல்லாக் கதவும் பூட்டுது."

"நான் படிவத்தைக் கேக்குறேன்."

"அதெல்லாம் உள்ள இருக்குற அக்கெயோ பாக்கும். சரியில்லன்னு நேத்து போட்ட சண்டை கேட்டு வரைக்கும் கேட்டுச்சே!"

நசிமியு திரையை அணைக்கச் சொல்லி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது கட்டத்தில் எழுந்துவிட்டாள். ஒலுவோச்சிடம் அவள் பேசியது கொஞ்சம்தான். பன்னிரண்டு பெயர்களையும் மாற்ற ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பிற்பகலில் படிவம் விண்ணப்பங்களுக்குத் திறந்தது. முதல் விண்ணப்பம் அக்கெயோவுடையது.

"ஏதாவது உதவி வேணுமா?" ஒலுவோச் பின்னாலேயே நின்றார்.

"தள்ளி நில்லுங்க பாஸ்."

ஒன்பதாவது கட்டம் "திருமண நிலை" என்றது. அம்புக்குறியை அமுக்கினாள். மணமாகாதவர். மணமானவர். கணவரை இழந்தவர்.

கொண்டேலே பேட்டையில் ஒச்சொலாவோடு அவள் ஆறு வருடம் குடும்பம் நடத்தினாள். பிறகு ஒரு லாரி அவனுடைய மோட்டார் சைக்கிளில் மோதியது. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்காகத் தர வேண்டிய மாடுகள் கைமாறவில்லை. அதனால் அதைக் கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் ஏற்கவில்லை. இதுவரை எழுதப்பட்ட எல்லாப் படிவங்களிலும் அவள் மணமாகாதவள்.

அக்கெயோ மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். கணினி அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது. இன்னொரு முறை சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனாள்.